வேர்டில் மாற்றிய அமைப்பு ஏன் நிற்பதில்லை?

கேள்வி இது: "வேர்டைத் திறந்தால் பக்கம் பொடியாகத் தெரிகிறது. ஜூமைக் கூட்டி வைத்தாலும் அடுத்த ஃபைலில் பழையபடி ஆகிவிடுகிறது. மெயிலில் வரும் ஃபைல்கள் புத்தகம் மாதிரி திறக்கின்றன. ஃபான்டை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் லதா என்ற ஃபான்டிலேயே நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் நிரந்தரமாக அமைக்க வழி உண்டா?"

வழி உண்டு, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. இதைச் சொல்லாமல் "ஆப்ஷன்ஸுக்குப் போய் மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்வதால்தான் பலரும் மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். வேர்டு தன் அமைப்புகளை மூன்று இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது. சில அமைப்புகள் அந்தந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கும். சில, புது ஃபைல் பிறக்கும்போது நகலெடுக்கப்படும் டெம்ப்ளேட்டில் இருக்கும். மீதி, அந்தக் கணினியில் உங்கள் பெயருக்கு வேர்டு வைத்திருக்கும் சொந்தக் கணக்கில், அதாவது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். நீங்கள் மாற்றுவது எந்த இடத்துக்குப் போகிறது என்று தெரிந்துவிட்டால், ஏன் ஒன்று நிற்கிறது, ஏன் இன்னொன்று நிற்கவில்லை என்பது புரிந்துவிடும்.

முதலில் டெம்ப்ளேட். வேர்டைத் திறந்து வெற்றுத் தாளைக் கேட்கும்போது, அது நார்மல்.டாட்எம் என்ற ஃபைலைப் பார்த்துத்தான் அந்தத் தாளைச் செய்கிறது. 2007-க்கு முன் இதன் பெயர் நார்மல்.டாட். ஃபான்ட், எழுத்து அளவு, வரி இடைவெளி, ஓரம், தாள் அளவு, திறக்கும்போது இருக்கும் ஜூம் எல்லாம் அதிலிருந்து வருகின்றன. கொழுக்கட்டை அச்சு மாதிரிதான் இது: அச்சை மாற்றினால் இனி பிடிக்கும் கொழுக்கட்டைதான் மாறும், ஏற்கெனவே வேகவைத்தது மாறாது. பழைய ஃபைல்கள் மாறவில்லையே என்று குழம்ப வேண்டாம், அவை தங்கள் நகலை ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டன.

இனி ஜூம். அதிகம் பேரைத் தடுமாற வைப்பது இதுதான், காரணமும் கொஞ்சம் வேடிக்கையானது. ஜூம் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் தனியாகச் சேமிக்கப்படுகிறது. டாக்எக்ஸ் ஃபைல், அதாவது இன்றைய வேர்டு ஃபைல், உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் இருக்கும் செட்டிங்ஸ் ஃபைலில், இந்த ஆவணம் இத்தனை சதவீதத்தில் திறக்கட்டும் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் மேலதிகாரி பெரிய மானிட்டரில் 70 சதவீதத்தில் வைத்துச் சேமித்து அனுப்பினால், உங்கள் சின்ன லேப்டாப்பிலும் அது 70-இல்தான் திறக்கும். வேர்டு உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று தோன்றும். அது கேட்பது கடைசியாகச் சேமித்தவரின் பேச்சை.

சரி, புது ஃபைலாவது நாம் சொன்ன அளவில் திறக்கட்டும் என்றால், நார்மல்.டாட்எம்-ஐயே திறந்து அதில் ஜூமை மாற்றிச் சேமிக்க வேண்டும். இங்கே இரண்டு இடறல்கள் உண்டு. அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்தால் டெம்ப்ளேட் திறக்காது, அதன் நகலாக ஒரு புதுத் தாள்தான் திறக்கும். நீங்கள் அதில் மாற்றிச் சேமித்துவிட்டு, அச்சையே மாற்றியதாக நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே ரைட் கிளிக் செய்து 'ஓப்பன்' கொடுங்கள், அல்லது வேர்டுக்குள்ளிருந்து ஃபைல், ஓப்பன், ப்ரௌஸ் வழியாகத் திறங்கள். மேலே தலைப்பில் நார்மல் என்ற பெயர் தெரிய வேண்டும், டாக்குமென்ட்1 என்று இருந்தால் அது நகல்.

இரண்டாவது இடறல் இன்னும் நுட்பமானது. ஜூமை மட்டும் மாற்றினால், ஃபைலில் ஏதோ மாறியிருக்கிறது என்று வேர்டு எடுத்துக்கொள்வதே இல்லை. எதுவும் மாறாத ஃபைலைச் சேமிக்கச் சொன்னால் அது பேசாமல் இருந்துவிடும். அதனால் ஜூமை வைத்த பிறகு ஒரு ஸ்பேஸ் தட்டி, அதை அழித்துவிட்டு, அப்புறம் சேமியுங்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டு "செய்து பார்த்தேன், வேலைக்காகவில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

நார்மல்.டாட்எம் எங்கே இருக்கிறது? உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டர், அதற்குள் ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ். மறைந்திருப்பதால் தேடிச் சலிக்க வேண்டாம். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் அடிமட்டம் வரை இறங்கினால் 'ஃபைல் லொக்கேஷன்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் 'யூசர் டெம்ப்ளேட்ஸ்' என்ற வரி சரியான பாதையைக் காட்டும்.

ஜூமுக்கு என்ன எண் வைப்பது என்றால், எண்ணே வைக்காமல் 'பேஜ் விட்த்' தேர்ந்தெடுப்பதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். 120 என்று வைத்தால் லேப்டாப்பில் சரியாக இருக்கும், வெளி மானிட்டரை மாட்டியதும் பொருந்தாமல் போகும். பேஜ் விட்த் என்பது எண்ணாக இல்லாமல், ஜன்னலின் அகலத்துக்குப் பொருத்து என்ற கட்டளையாகவே ஃபைலில் பதிகிறது.

அடுத்தவர் அனுப்பும் ஃபைல்களுக்கு என்ன செய்வது? எல்லா ஃபைலையும் இந்த அளவில்தான் திற என்று சொல்ல ஆப்ஷன்ஸில் ஒரு டிக் பெட்டி கிடையாது. ஒரு சின்ன மேக்ரோ, அதாவது நீங்கள் செய்யும் படிகளைப் பதிந்துவைத்துத் தானாகத் திரும்பச் செய்யும் ஏற்பாடு, போட்டால் முடியும், அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து, வியூ டேபில் மேக்ரோஸ், ரெக்கார்டு மேக்ரோ கொடுங்கள். பெயராக ஆட்டோ, ஓப்பன் என்ற இரண்டு சொற்களையும் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பெயருள்ள மேக்ரோவை, எந்த ஃபைலைத் திறந்தாலும் வேர்டு தானாக ஓட்டும். சேமிக்கும் இடமாக 'ஆல் டாக்குமென்ட்ஸ்', அதாவது நார்மல்.டாட்எம் என்றே இருக்கட்டும். பிறகு ஜூம் ஜன்னலைத் திறந்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள், ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். வேர்டை மூடும்போது நார்மலைச் சேமிக்கவா என்று கேட்டால் ஆமாம் சொல்லுங்கள். ப்ரொடெக்டட் வியூவில், அதாவது வெளியிலிருந்து வந்த ஃபைலைத் திருத்த முடியாதபடி மஞ்சள் பட்டையோடு காட்டும் நிலையில், திறந்த ஃபைலில் மட்டும் இது ஓடாது, அங்கே மேக்ரோவுக்கு அனுமதி இல்லை. அலுவலகக் கணினியில் மேக்ரோவையே மொத்தமாகத் தடுத்திருந்தால் இந்த வழி அடைபட்டதுதான்.

ஜூம் தானாக மாறிக்கொண்டே இருக்கிறது என்று ஒரு புகார் வரும். கண்ட்ரோல் விசை அழுந்தியிருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் ஜூம் மாறும். டச்பேடில் இரண்டு விரல் விலகினாலும் மாறும். ஜூம் பட்டன்களே மங்கிப்போய் அழுத்த முடியாமல் கிடந்தால், வியூ டேபில் 'சைடு டு சைடு' அழுந்தியிருக்கிறதா பாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'வெர்ட்டிக்கல்' கொடுத்தால் உயிர் வந்துவிடும்.

புத்தகம் மாதிரித் திறப்பதற்கு மருந்து சுலபம். அது ரீடிங் வியூ. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பக்கத்தின் கடைசியில் 'ஸ்டார்ட்-அப் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. மெயில் இணைப்புகளையும் திருத்த முடியாத ஃபைல்களையும் ரீடிங் வியூவில் திற என்ற வரியில் டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில், வேர்டைத் திறந்ததும் வரும் டெம்ப்ளேட் கண்காட்சியை நிறுத்தவும் ஒரு டிக் இருக்கிறது, அதையும் எடுத்தால் நேராக வெற்றுத் தாள் வரும். இவை ரெஜிஸ்ட்ரி ரகம், ஒரு தடவை செய்தால் எல்லா ஃபைலுக்கும் நிற்கும்.

ஆனால் மஞ்சள் பட்டையோடு வரும் ப்ரொடெக்டட் வியூ வேறு. அதையும் சேர்த்து ட்ரஸ்ட் சென்டரில் அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நான் சொல்லமாட்டேன். வெளியிலிருந்து வரும் ஃபைலில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவே நிற்பது அந்தப் பட்டைதான். நம்பிக்கையானவர் அனுப்பியதா என்று பார்த்து 'எனேபிள் எடிட்டிங்' அழுத்த ஒரு விநாடி போதும்.

இனி ஃபான்ட். 2007 முதல் வேர்டின் இயல்பு எழுத்து காலிப்ரி 11 புள்ளியாக இருந்தது, அதற்கு முன் டைம்ஸ் நியூ ரோமன். 2023-இல் மைக்ரோசாஃப்ட் அதை ஆப்டோஸ் என்ற புது எழுத்துக்கு மாற்ற ஆரம்பித்தது. திடீரென்று எழுத்து மாறிவிட்டது, யாரோ என் கணினியில் கை வைத்திருக்கிறார்கள் என்று சிலர் பயந்தது இதனால்தான். மாற்றுவது எளிது: கண்ட்ரோல்-டி அழுத்தினால் ஃபான்ட் ஜன்னல் வரும். வேண்டியதைத் தேர்ந்து கீழே 'செட் ஆஸ் டிஃபால்ட்' அழுத்தினால், இந்த ஃபைலுக்கு மட்டுமா, நார்மல் டெம்ப்ளேட்டைப் பின்பற்றும் எல்லாவற்றுக்குமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதுதான் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும் என்பதால், அவசரத்தில் ஓகே தட்டினால் மாற்றம் அந்த ஒரு ஃபைலோடு நின்றுபோகும். வரி இடைவெளிக்கும் இதே மாதிரி பாராகிராஃப் ஜன்னலிலும், ஓரங்களுக்கும் தாளுக்கும் பேஜ் செட்டப் ஜன்னலிலும் 'செட் ஆஸ் டிஃபால்ட்' இருக்கிறது. தாள் லெட்டர் என்று இருந்தால் ஏ4-க்கு மாற்றி டிஃபால்ட்டாக வையுங்கள். லெட்டர் தாள் ஏ4-ஐவிட 18 மில்லிமீட்டர் குட்டை, 6 மில்லிமீட்டர் அகலம் கூடுதல். பிரின்ட் எடுக்கும்போது கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடுவதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

தமிழுக்கு வருவோம், உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி இதுதான். வேர்டின் கணக்கில் தமிழ், ஆங்கிலம் இருக்கும் வரிசையில் இல்லை. அரபு, தேவநாகரி, தாய் ஆகியவற்றோடு சேர்த்து 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தனி அறையில் இருக்கிறது. ஒரே பத்திக்கு வேர்டு இரண்டு ஃபான்ட் பெயர்களையும் இரண்டு அளவுகளையும் தனித்தனியாக வைத்திருக்கும், ஒன்று லத்தீன் எழுத்துக்கு, இன்னொன்று காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு. நீங்கள் லத்தீன் பெட்டியில் ஆயிரம் தடவை மாற்றினாலும் தமிழ் அசையாது. ஸ்டைலில் அளவை 14 ஆக்கியும் தமிழ் மட்டும் 11-இலேயே இருப்பதற்கும் இதுவே காரணம்.

கண்ட்ரோல்-டி ஜன்னலில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பகுதியே தெரியவில்லையா? வேர்டுக்கு நீங்கள் தமிழ் எழுதுவீர்கள் என்று தெரியாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் போய் எழுதும் மொழிகளில் தமிழைச் சேர்த்து, வேர்டை மூடித் திறந்தால் அந்தப் பகுதி முளைத்துவிடும். அங்கே ஃபான்டையும் அளவையும் தனியாக வைத்து, அதே 'செட் ஆஸ் டிஃபால்ட்'டைக் கொடுங்கள்.

லதா ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஆஃபீஸ் தீம் என்ற ஒன்று இருக்கிறது. அதில் உலகத்தின் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் நேராக ஒரு ஃபான்ட் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள், தமிழுக்கு நேராக இருப்பது லதா. காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பெட்டியில் கூட்டல் குறியோடு 'பாடி சிஎஸ்' என்று இருந்தால், தீம் சொல்வதைக் கேள் என்று அர்த்தம். அந்த இடத்தில் ஃபான்டின் பெயரையே நேராகக் கொடுத்துவிட்டால் தீமின் பிடி விட்டுப்போகும். ஆப்டோஸிலும் காலிப்ரியிலும் தமிழ் எழுத்துகள் கிடையாது, அவற்றைத் தமிழுக்கு வைத்தாலும் வேர்டு வேறொன்றைத் தேடித்தான் காட்டும்.

எதை வைப்பது? லதா விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூட வருவது, விஜயா விண்டோஸ் 7-இல் வந்தது, நிர்மலா யூஐ விண்டோஸ் 8-இல். விண்டோஸ் 10-இலிருந்து நிர்மலாதான் எல்லோரிடமும் இருக்கும். லதாவும் விஜயாவும் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற தனிப் பொதியாகிவிட்டன, விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' வழியாக இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பலர் கைக்குப் போகும் ஃபைல் என்றால் நிர்மலா பாதுகாப்பு. நீண்ட வாசிப்புக்கு எனக்கு விஜயாவின் வடிவம் பிடிக்கும், ஆனால் அதே புள்ளியில் அது சிறுத்துத் தெரியும், ஒன்றிரண்டு புள்ளி கூட்டியே வைக்க வேண்டும்.

ஆங்கிலப் பத்திக்குள் ஒரு தமிழ்ச் சொல் வந்ததும் அந்த வரி மட்டும் மேலும் கீழும் விலகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ் ஃபான்ட்கள் தமக்கென்று உயரமான வரி இடம் கேட்பவை. பாராகிராஃப் ஜன்னலில் லைன் ஸ்பேசிங்கை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து ஒரு எண் கொடுத்தால் வரிகள் சமமாகும். எண்ணைச் சிறிதாகக் கொடுத்தால் கி, கீ-யின் மேல்சுழி வெட்டுப்படும். 12 புள்ளி எழுத்துக்கு 18-இல் ஆரம்பித்து, கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

பாமினி என்ற பழைய வகைத் தமிழ் ஃபான்டில் அடித்த ஃபைல்களுக்கு இது எதுவும் பொருந்தாது. பாமினி யூனிகோடு அல்ல, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே உள்ள பொதுக் குறிமுறையில் அது இல்லை. வேர்டின் கண்ணில் அது ஆங்கில எழுத்துதான், தமிழ் முகமூடி போட்டிருக்கிறது, அவ்வளவே. அதனால்தான் பக்கம் முழுக்கச் சிவப்பு நெளிகோடு. அந்த ஃபைலில் கண்ட்ரோல்-ஏ கொடுத்து, ரிவ்யூ டேபில் லாங்குவேஜ், 'செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்' போய், எழுத்துப்பிழை பார்க்காதே என்ற பெட்டியில் டிக் போட்டால் கோடுகள் மறையும். தொடர்ந்து பாமினியில் வேலை செய்பவர், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்டையும் கட்டாயம் அணைக்க வேண்டும். பாமினியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள், வேர்டு உதவி செய்வதாக நினைத்து உங்கள் சொல்லையே மாற்றிவிடும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் மேல் ஓரமும் ஹெடரும் காணாமல் போய், பக்கங்கள் ஒரு கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவா? இரண்டு பக்கங்களுக்கு இடையே தெரியாமல் டபுள் கிளிக் ஆகியிருக்கும், அந்தக் கோட்டிலேயே மறுபடி டபுள் கிளிக் செய்யுங்கள். ஆப்ஷன்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தின் முதல் டிக்கும் இதற்கானதுதான். பத்தி முடிவில் குறிகளும் சொற்களுக்கு இடையே புள்ளிகளும் தெரிந்தால் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-8. அதற்குப் பிறகும் சில மட்டும் மறையாமல் இருந்தால், டிஸ்ப்ளே பக்கத்தில் எப்போதும் காட்டு என்ற பட்டியலில் எதற்கோ டிக் விழுந்திருக்கிறது. பொருளடக்கம் இருந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஏதோ ஆங்கிலக் குறியீடு தெரிந்தால் ஆல்ட்-எஃப்9. ரூலர் அங்குலத்தில் இருந்தால் அட்வான்ஸ்டு பக்கத்தின் டிஸ்ப்ளே பகுதியில் சென்டிமீட்டருக்கு மாற்றலாம். டிராஃப்ட் வியூவில் சேமித்தாலும் பிரின்ட் லேஅவுட்டில்தான் திறக்கிறது என்பவர்கள், அதே அட்வான்ஸ்டின் ஜெனரல் பகுதியில் டிராஃப்ட் வியூவில் திறக்க அனுமதி என்ற வரியில் டிக் போட வேண்டும். நீண்ட கையெழுத்துப் பிரதி அடிப்பவர்களுக்கு டிராஃப்ட் வியூவை நான் வலுவாகவே சிபாரிசு செய்வேன், பக்கம் எங்கே முடிகிறது என்ற கவலையில்லாமல் எழுத்து மட்டும் கண்ணில் இருக்கும். கறுப்புத் தீம் போட்டதால் தாளும் கறுத்துவிட்டால், வியூ டேபில் 'ஸ்விட்ச் மோட்ஸ்' அழுத்தினால் தாள் மட்டும் வெள்ளையாகும். பிரின்ட் எப்படியும் வெள்ளைத் தாளில் கறுப்பாகத்தான் வரும்.

இவ்வளவும் அமைத்த பிறகு ஒரு காவல் வேண்டும். சில ஆட்-இன்கள், அதாவது வேர்டில் கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்கள், உங்களைக் கேட்காமலே நார்மல்.டாட்எம்-இல் கை வைக்கும். அட்வான்ஸ்டு பக்கத்தின் சேவ் பகுதியில், நார்மல் டெம்ப்ளேட்டைச் சேமிக்கும் முன் கேள் என்ற டிக்கைப் போட்டுவிட்டால், நீங்கள் எதையும் மாற்றாதபோது கேள்வி வந்தால் 'வேண்டாம்' சொல்லலாம். ஒரு நகலைப் பென் டிரைவிலும் எடுத்து வையுங்கள். புதுக் கணினிக்குப் போகும்போது வேர்டை மூடிவிட்டு அதே இடத்தில் ஒட்டினால் ஃபான்ட், ஓரம், ஜூம், மேக்ரோ எல்லாம் கூடவே வரும். ரீடிங் வியூ, ரூலர் மாதிரி ரெஜிஸ்ட்ரி ரகங்களை மட்டும் அங்கே மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். மாறாக எல்லாம் குழம்பிப்போய்த் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும் என்றால், வேர்டை மூடி, நார்மல்.டாட்எம்-இன் பெயரை மாற்றுங்கள். அடுத்த தடவை திறக்கும்போது வேர்டு தானே புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும். அழிக்க வேண்டாம், பழையதில் நீங்கள் மறந்துபோன ஒரு மேக்ரோ இருக்கக்கூடும்.

லிப்ரேஆஃபீஸ் ரைட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் நேராக இருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' மொழியாகத் தமிழைத் தேர்ந்தால், ரைட்டர் பகுதியில் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு ஃபான்ட் பக்கமும் தமிழ் வகைக்கு இன்னொரு பக்கமும் தனித்தனியாக வந்துவிடும். ஓரம், தாள் எல்லாம் சேர்த்து வேண்டுமென்றால், ஒரு வெற்று ஃபைலை விருப்பப்படி அமைத்து, ஃபைல் மெனுவில் டெம்ப்ளேட்டாகச் சேமிக்கும்போது இதையே டிஃபால்ட் டெம்ப்ளேட் ஆக்கு என்ற டிக்கைப் போட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. இது அலுவலகக் கணினி என்றால், எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மறுநாள் காலையில் பழையபடி நிற்கலாம். சில இடங்களில் ஒவ்வொரு லாகினிலும் நார்மல்.டாட்எம்-ஐ சர்வரிலிருந்து புதிதாக இறக்குவார்கள், அல்லது அதை எழுத முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். அப்படியா என்று தெரிந்துகொள்ள, அந்த ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் மாற்றப்பட்ட தேதியையும் 'ரீடு-ஒன்லி' டிக்கையும் பாருங்கள். தேதி தினமும் லாகின் செய்த நேரத்தையே காட்டினால், ஐடி பிரிவில் இருப்பவரிடம் உங்கள் டெம்ப்ளேட்டைக் கொடுத்து அங்கேயே வைக்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.